பழைய மோட்டார் சைக்கிளும் எண்ணெய் வடிகட்டியும்

பெங்களூர் நகர இரயில் நிலையத்தை அடுத்துள்ள ஒக்கலிபுரம், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் ஒன்று. இரயில்வேயிலும் ஆலைகளிலும் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு இருக்கின்றனர். அத்தகைய இல்லம் ஒன்றின் வாயிலில், தார்ப்பாய் போர்த்திய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். தந்தையார் முப்பது ஆண்டுகள் வேலைக்குச் சென்றுவந்த வண்டி அது. விற்க மனம் வரவில்லை. ஓட்டவோ துணிவு வரவில்லை. ஒருநாள் மகன் தார்ப்பாயை விலக்கித் தூசி தட்டி, வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர முனைகிறான். அப்பொழுது அவன் முன் எழும் கேள்விகளுள் மிகச் சிறியதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. எஞ்சினுக்கு எண்ணெய் வடிகட்டி வாங்க வேண்டும். கம்பெனியின் முத்திரை பெற்ற ‘ஒரிஜினல்’ வாங்குவதா, வெளியார் செய்ததை வாங்குவதா?

ஜே. சி. ரோட்டிலுள்ள உதிரிப்பாகக் கடைகளில் இரண்டும் கிடைக்கும். சிவாஜிநகர் குஜிலியில் தேடினால், எப்பொழுதோ செய்து இன்றுவரை பெட்டி பிரிக்கப்படாத மூன்றாவது வகையும் கைக்கு வரலாம். விலை வேறுபாடு பெரிதன்று. ஆனால் தவறான வடிகட்டி விளைவிக்கும் கேடு பெரிது. அதன் விலையைப் போன்று பன்மடங்கு செலவிட்டாலும் சில வண்டிகளுக்கு உரிய உறுப்புக்கள் இக்காலத்தில் கிடைப்பதில்லை. ஆகவே, இச்சிறு பொருளைப் பற்றிச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுடையதாகும்.

எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பதை முதற்கண் நினைவுபடுத்திக்கொள்வோம். உராயும் இரு உலோகப் பரப்புக்களுக்கு இடையே அது மெல்லிய படலமாகப் படர்ந்து, அவை ஒன்றையொன்று தொடாதவாறு தாங்குகிறது. வெப்பத்தை ஏந்திச் செல்கிறது. தேய்மானத்தால் உதிரும் துகளையும் எரிபொருள் எரிந்த கரியையும் தன்னுடன் அடித்துச் செல்கிறது. இக்கடைசித் தொண்டிலேதான் ஆபத்தும் உள்ளது. அடித்துச் சென்ற அழுக்கை எங்கேனும் இறக்கி வைக்காவிட்டால், சுற்றி வரும் எண்ணெய் அதனை மீண்டும் தாங்கிகளுக்கே கொண்டு சேர்க்கும். அழுக்கை இறக்கி வைக்கும் இடமே வடிகட்டி.

அளவைக் கருதினால் இதன் அருமை விளங்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் எனப்படும். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். தாங்கிக்குள் உள்ள எண்ணெய்ப் படலமோ, பாரம் மிகும் தருணங்களில் சில மைக்ரான் அளவிற்கு மெலிந்துவிடும். எனவே, கண்ணுக்கே தெரியாத துகளும் அப்படலத்தைக் கிழித்துக்கொண்டு உலோகத்தைச் சுரண்ட வல்லது. கம்பி வலையாலான சல்லடை பெரிய துணுக்குகளை மட்டுமே நிறுத்தும். மடிப்பு மடிப்பாய் அமைந்த வடிகாகிதம் அதனினும் மிக நுண்ணிய துகளையும் பிடித்துக்கொள்ளும்.

மோட்டார் வண்டிகள் தோன்றிய நாளில் இத்தகைய வடிகட்டி இருக்கவில்லை. அமெரிக்காவில் எர்னஸ்ட் சுவீட்லாந்து என்பார் 1923ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிக்கென ஓர் எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். ‘பியூரலேட்டர்’ என்ற அதன் பெயர், தூய எண்ணெய் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களிலிருந்து பிறந்தது. மோட்டார் சைக்கிள்களில் இம்முறை பரவுவதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின. ஆகையால், ‘பழைய வண்டி’ என்று பொதுவாகக் கூறிவிட்டு வடிகட்டி கேட்பது பொருந்தாது. எந்த வண்டி, அதன் எண்ணெய் எவ்வழியே செல்கிறது என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் செய்த ஜாவாவையும், 1973க்குப் பின்னர் அதே ஆலையில் உருவான யெஸ்டியையும் எடுத்துக்கொள்வோம். இவை இரண்டு வீச்சு எஞ்சின்கள். எண்ணெயைப் பெட்ரோலுடன் கலந்தே ஊற்றுகிறோம். அது தன் பணியை முடித்துவிட்டு எரிந்து வெளியேறுகிறது. சுற்றிவரும் எண்ணெய் இல்லாத இடத்தில் எண்ணெய் வடிகட்டிக்கு வேலையும் இல்லை. இவ்வண்டிகளுக்கு வேண்டுவன பெட்ரோல் குழாயில் நல்ல சல்லடையும், தூய்மையான காற்று வடிகட்டியும், சரியான விகிதத்தில் கலந்த எண்ணெயுமே. ஜாவாவுக்கென்று எஞ்சின் எண்ணெய் வடிகட்டியை எவரேனும் விற்க முன்வந்தால், அவருடைய மற்றப் பேச்சுக்களையும் எச்சரிக்கையுடன் கேட்பது நலம்.

இரண்டாம் உலகப் போரின்போது படையினர் ஓட்டிய பி. எஸ். ஏ. எம்-20, நார்ட்டன் 16-எச் போன்ற ஆங்கிலேய வண்டிகள் வேறொரு வகை. இவற்றில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். சல்லடைகளே அதற்குக் காவல். அவற்றில் புதிதாக ஒன்றை வாங்கி மாற்றுவதற்கு மாறாக, உள்ள சல்லடையைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, கிழிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பார்த்து மீண்டும் பொருத்துவதே முறை. எண்ணெயை அடிக்கடி மாற்றுவதுதான் அவற்றின் உண்மையான வடிகட்டி எனலாம்.

இவ்விரு வகைக்கும் இடையே நம் நாட்டில் மிகுதியாக வழங்குவது புல்லட். இங்கிலாந்தில் ரெடிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் கூட்டுச் சேர, 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. இராணுவத்திற்கும் போலீசுக்கும் என்று தொடங்கிய வண்டி, திருவொற்றியூரிலிருந்து நாடெங்கும் பரவியது. 1970ஆம் ஆண்டுடன் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தி நின்றுவிட்ட போதிலும், சென்னையில் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டே இருந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அப்பழைய அமைப்புப் பல்லாண்டுகள் பெரிதும் மாறாமலே நீடித்ததால், அதற்கு வேண்டிய உதிரிப்பாகங்களைச் செய்வோரும் பெருகினர். இன்று தெரிவு செய்வதில் குழப்பம் எழுவதற்கும் அதுவே காரணம்.

புல்லட்டின் எண்ணெய், எஞ்சின் வார்ப்பிலேயே அமைந்த அறையில் தங்குகிறது. பம்பு அதனை வடிகட்டியின் வழியே செலுத்தி, கனெக்டிங் ராடு கிராங்குடன் சேரும் இடத்திற்கு அனுப்புகிறது. பணிமனையில் இவ்விடத்தைப் ‘பிக் எண்ட்’ என்பர். பழைய புல்லட்டுகளில் இங்கு உருளைத் தாங்கிக்கு மாறாக மிதக்கும் புஷ் ஒன்று இருக்கும். அது எண்ணெய்ப் படலத்தையே முழுவதும் நம்பி வாழும் உறுப்பு. எண்ணெய் தடைப்பட்டாலும் கெடுதல். அழுக்கு எண்ணெய் வந்தாலும் கெடுதல். ஆகவே வடிகட்டி இங்கு இருமுகக் கடமை உடையது: அழுக்கை நிறுத்தவும் வேண்டும், எண்ணெயைத் தடையின்றி விடவும் வேண்டும். மிக நெருக்கமாகச் செய்த வடிகட்டி முதற் கடமையை நிறைவேற்றி, இரண்டாவதைக் கைவிட்டுவிடலாம். மார்கழி மாதக் காலையில் பெங்களூரின் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்பொழுது இக்குறை வெளிப்படும். ‘நுண்மையே மேன்மை’ என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

இனி ‘ஒரிஜினல்’ என்னும் சொல்லை ஆராய்வோம். மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் வடிகட்டியைப் பெரும்பாலும் தாமே செய்வதில்லை. அளவும் தரமும் வகுத்துக் கொடுத்து, வடிகட்டி செய்யும் தொழிற்சாலைகளிடம் பெற்றுத் தம் முத்திரையிட்ட பெட்டியில் வைத்து விற்கின்றன. ஆகையால், முத்திரைக்கு நாம் கொடுக்கும் விலை ஓர் உறுதிமொழிக்கான விலை: இப்பொருள் இவ்வண்டிக்கு ஏற்றதென்று செய்தவர் சோதித்துப் பொறுப்பேற்றார் என்பதே அவ்வுறுதி. வெளித் தயாரிப்பாளர் நல்லவராயின் அவரும் அதே தரத்தில் செய்யக்கூடும்; ஆயினும் அவர் எதனைச் சோதித்தார் என்பது பெட்டியின்மேல் தெரிவதில்லை. அதே தொழிற்சாலை தன் பெயரில் விற்கும் பொருளும் முத்திரையிட்டு விற்கும் பொருளும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதிவிடவும் இடமில்லை. உள்ளிருக்கும் காகிதமும் வால்வும் வேறாக இருத்தல் கூடும்.

சோதனை என்பது வெறும் சொல்லன்று. எஞ்சின் எண்ணெய் வடிகட்டிகளைச் சோதிப்பதற்கு ஐ. எஸ். ஓ. 4548 என்ற அனைத்துலகத் தரம் உண்டு. அதன் 12ஆம் பகுதியில், தூசி கலந்த எண்ணெயைத் திரும்பத் திரும்ப வடிகட்டியினூடே செலுத்தி, முன்னும் பின்னும் துகள்களை எண்ணும் முறை வகுக்கப்பட்டுள்ளது. இவ்வாறு கிடைக்கும் எண்ணைப் பீட்டா விகிதம் என்பர். குறிப்பிட்ட அளவுத் துகளுக்கு அது 2 எனில், வரும் துகள்களில் பாதி கடந்து சென்றுவிடும். 75 எனில், 75இல் ஒன்று மட்டுமே கடக்கும். ‘20 மைக்ரான் வடிகட்டி’ என்று மட்டும் அச்சிட்டுவிட்டால் பொருளில்லை; அத்துகளில் எத்தனை பங்கை அது நிறுத்துகிறது என்று சொன்னால்தான் பொருள் உண்டு. இவ்விவரத்தை வெளியிடும் தயாரிப்பாளர், வெளியிடாதவரைவிட நம் நம்பிக்கைக்கு ஒரு படி அருகில் நிற்கிறார்.

விவரம் கிடைக்காதபொழுது நம் கண்ணும் கையுமே துணை. பழைய வடிகட்டியைக் கடைக்கு உடன் எடுத்துச் செல்லுதல் நல்ல வழக்கம். இரண்டையும் அருகருகே வைத்து நீளத்தையும் குறுக்களவையும் நடுத் துளையையும் ஒப்பிட வேண்டும். நீளம் குறைந்தால் ஸ்பிரிங் அதனை இறுக்கிப் பிடிக்காது. எண்ணெய் வடிகட்டியின் வழியே செல்லாமல் ஓரத்தால் நழுவிவிடும். நீளம் மிகுந்தாலோ மூடியை இறுக்குகையில் வடிகட்டி நசுங்கும். மடிப்புக்கள் சீராகவும் முனைகளில் நன்கு ஒட்டியும் உள்ளனவா, நீள்வாட்டு இணைப்பு பிரிந்துள்ளதா, உள்ளே தாங்கும் துளைத்தகடு உறுதியானதா என்று பார்க்க வேண்டும். கம்பளி வடிகட்டியாயின் இழை உதிர்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்க்கலாம். உதிரும் இழை எண்ணெய்ப் பாதையையே அடைக்கும். கம்பளியைப் பெட்ரோலில் அலசி மீண்டும் பயன்படுத்துதல் பழைய வழக்கம். காகித வடிகட்டியை அவ்வாறு அலசினால் அது பாழாகும்.

தகரக் குடுவையுடன் திருகிப் பொருத்தும் வடிகட்டி கொண்ட வண்டிகளும் உண்டு. இவற்றில் கண்ணுக்குத் தெரியாத இரு வால்வுகள் இருக்கலாம். ஒன்று, வடிகட்டி அடைபட்டால் எண்ணெய் சுற்றுவழியே செல்லத் திறப்பது. மற்றொன்று, எஞ்சின் நின்றபின் எண்ணெய் வடிந்துவிடாது காப்பது. இவற்றுள் ஒன்று இல்லாத போலி, வெளித் தோற்றத்தில் அசலையே ஒத்திருக்கும். மரையைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் 20 மில்லிமீட்டர் மரை உள்ளது. கார் வடிகட்டிகள் பலவற்றில் முக்கால் அங்குல மரை, அதாவது ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். இவ்விரண்டும் தவறிப் பொருந்திவிட்டது போன்று காட்டக்கூடும். அவ்வாறு தளர்வாக நிற்பது ஓட்டத்தில் கழன்றுவிட்டால், எண்ணெய் பின் சக்கரத்தில் கொட்டும். அதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

வடிகட்டி நல்லதாயிருந்தும் பொருத்தும் முறையால் கேடு வருவதற்கு ஜெர்மானிய பி. எம். டபிள்யூ. வண்டிகள் உலகறிந்த எடுத்துக்காட்டு. 1969 முதல் வந்த அதன் காற்றுக் குளிர்ப்பு இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில், வடிகட்டி அறையின் வாயிலை ஒரு ரப்பர் வளையம் அடைத்துக் காக்கிறது. அறையின் ஆழத்தை அளந்து, தேவைக்கேற்பத் தகட்டு வளையம் வைத்து இறுக்கினால்தான் அது தக்கவாறு அழுந்தும். அழுந்தாவிடில் எண்ணெய் வெளியே ஒரு துளியும் சிந்தாது; உள்ளுக்குள்ளேயே நழுவி, தாங்கிகளுக்குப் போகவேண்டிய அழுத்தம் குறைந்துவிடும். தரையில் கறை இல்லையே என்று உடையவர் மகிழ்ந்திருக்க, எஞ்சின் தேய்ந்துகொண்டிருக்கும். வடிகட்டியைப் போன்றே அதனைச் சூழ்ந்த வளையமும் வாஷரும் ஸ்பிரிங்கும் முக்கியமானவை என்பதை இது உணர்த்துகிறது. கழற்றிய வரிசையைத் தாளில் குறித்துக்கொண்டு, அதே வரிசையில் பூட்டுவது சிறந்த பழக்கம்.

பெட்டி பிரிக்கப்படாத பழைய சரக்கைப் பற்றியும் ஒரு சொல். ‘அந்தக் காலத்து அசல்’ என்ற பெருமை அதற்கு உண்டு. ஆயினும் ரப்பருக்கு முதுமை உண்டு; பெட்டிக்குள் இருந்தாலும் அது இறுகி வெடிக்கும். காகிதத்தை ஒட்டிய பசையும் காலத்தால் விட்டுப்போகும். இத்தகைய சரக்கைக் கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்க்கலாம். எஞ்சினுக்குள் வைப்பதற்கு அண்மையில் செய்த நல்ல வெளித் தயாரிப்பே மேலானது. இவ்விடத்தில் ‘அசல்’ என்னும் பெயர் நம்மை ஏமாற்றிவிடலாகாது.

வேண்டுமென்றே ஏமாற்றுவோரும் உளர். முத்திரை, எழுத்து, பெட்டி எல்லாம் அசலைப் போன்றே அச்சிட்டுப் போலிப் பொருளை உள்ளே வைப்பர். நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின்படி போலி முத்திரையிடுவதும், அத்தகைய பொருளை விற்பதும் குற்றமாகும்; ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதினாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆயினும் சட்டம் நம் எஞ்சினைத் திருப்பித் தராது. ரசீது கொடுக்கும் கடையில், பாக எண்ணைக் குறித்து வாங்குவதே நமக்குரிய காப்பு. வழக்கமான விலையில் பாதிக்கு அசல் கிடைக்கிறது என்றால், அது அசல்தானா என்று ஐயுறுவது அறிவுடைமை.

பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டியன சில. எஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடேற்றிய பின் எண்ணெயை வடித்தால், அழுக்கும் உடன் வந்துவிடும். வடிகட்டி அறையைத் துணியால் துடைக்கையில் நூல் தங்காதவாறு பார்க்க வேண்டும். புல்லட்டில் புதிய வடிகட்டியை எண்ணெயில் நனைத்து, அறையிலும் எண்ணெய் நிரப்பிவிட்டு மூடுதல் நலம். இல்லாவிடில் அவ்வறை நிறையும் வரையில் பிக் எண்ட் வறண்டிருக்கும். முதலில் எஞ்சினை மெதுவாகவே சில நிமிடம் ஓடவிட வேண்டும். உதைத்தவுடன் முறுக்கி உறுமவிடுவது, பசியோடிருப்பவனைப் பாரம் சுமக்கச் சொல்வது போலாகும்.

கழற்றிய பழைய வடிகட்டியை உடனே எறிந்துவிடக் கூடாது. அது எஞ்சின் எழுதிய கடிதம். அதைப் பிரித்து வெள்ளைத் தாளின்மேல் உதறிக் காந்தத்தை அருகே கொண்டுசென்றால், ஒட்டும் துகள் எஃகு; மஞ்சளாய் மின்னி ஒட்டாதது வெண்கலப் புஷ்ஷிலிருந்து வந்திருக்கலாம்; வெண்மையாய் ஒட்டாதது பிஸ்டனின் அலுமினியமாக இருக்கலாம். நுண்ணிய மினுக்கம் சிறிது தெரிவது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் செதிள்கள் வந்தால், எவ்வளவு உயர்ந்த வடிகட்டியும் மருந்தாகாது. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் வேளை வந்துவிட்டதென்று கொள்ள வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றலாகாது. பெங்களூரின் மேற்குப் பகுதிச் சாக்கடைகள் விருசபாவதி ஆற்றில் சேர்வன. கலத்தில் அடைத்து, கழிவெண்ணெய் பெற்றுக்கொள்ளும் பணிமனையில் கொடுத்தல் நம் கடமை.

ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு இன்னொரு கருத்தும் உண்டு. 2021ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, மூல வடிவம் மாறாது காக்கப்பட்ட அத்தகைய வண்டிகளைத் தொன்மை வாகனமாகத் தனித்துப் பதிவு செய்யலாம். சட்டகத்திலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருத்தல் கூடாது. உள்ளிருக்கும் வடிகட்டி தேய்ந்து தீரும் பொருள். அதனை மாற்றுவது வண்டியின் மூல வடிவத்தைக் குலைக்காது. நல்ல வடிகட்டி வேண்டும் என்பதற்காக வார்ப்பைத் துளையிட்டுப் புதிய குடுவையைப் பொருத்துவதோ வேறு செய்தி. போட்ட துளையை மீண்டும் மூட இயலாது. அத்துணிவிற்கு முன் பன்முறை எண்ணுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் முடிவு எளிது. நிறுவனம் இன்றும் செய்து விற்கும் பாகமாயின், ரசீதுடன் அசலையே வாங்கலாம். விலை வேறுபாடு மிகச் சிறிது. அசல் கிடைக்காத வண்டிக்கு, அளவும் தரமும் வெளிப்படையாகக் கூறும் தயாரிப்பாளரின் பொருளைப் பழையதோடு ஒப்பிட்டு வாங்கலாம். முதுமையடைந்த சரக்கையும், பெயரற்ற மலிவுப் பொருளையும் தவிர்க்கலாம். எதை வாங்கினும் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். உரிய காலத்தில் மாற்றிய நடுத்தர வடிகட்டி, மாற்றாமல் விட்ட உயர்ந்த வடிகட்டியினும் எஞ்சினை நன்கு காக்கும்.

ஒக்கலிபுரத்து மகனிடம் நாம் மீண்டும் வருவோம். அவன் கையிலிருக்கும் வடிகட்டி உள்ளங்கையில் அடங்குவது. அதனை அளந்து, ஒப்பிட்டு, எண்ணெயில் நனைத்து, வரிசை தவறாமல் பூட்டி, எஞ்சினை மெல்ல ஓடவிட்டுக் காத்திருக்கிறான். தந்தையார் அவ்வண்டியை முப்பது ஆண்டுகள் ஓட்டியதும் இத்தகைய பொறுமையினால்தான். அப்பொறுமையையும் சேர்த்தே அவன் உரிமையாகப் பெறுகிறான்.